கசெட்டின் இரண்டாம் பக்கம்

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆட்கள் சோற்றுக்குப் போகிற நேரத்தில், நுரைச்சோலைச் சந்திக்குக் கொஞ்சம் தள்ளியிருக்கும் நெய்னாரின் மோட்டர் கடையில் தவறாமல் ஒரு சண்டை நடக்கும். காணி எல்லை, தேர்தல் என்று நியாயமான எதற்காகவும் இல்லை. ஹம்ஸவேணி என்கிற பாடகி எந்த வயதில் நன்றாகப் பாடினாள் என்பதற்காக. சென்னையில் இருக்கும் அந்த மனுசிக்கு இப்படியொரு ஊர் இருப்பதே தெரியாது. அவளுக்காக இங்கே இரண்டு கிழவர்கள் பச்சைப் பிள்ளைகள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு தரப்பு நெய்னார். வயது ஐம்பத்தெட்டு. வெங்காயத் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டர் எரிந்துபோனால், பழைய கம்பியை உரித்தெறிந்துவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பது அவர் தொழில். கை சுத்தம். வாய் அவ்வளவு சுத்தமில்லை. மோட்டரைத் தண்ணீரில்லாமல் ஓடவிட்டு எரித்துக்கொண்டு வருகிறவனை, அவன் யாராக இருந்தாலும், நாலு வார்த்தை கேட்காமல் விடமாட்டார்.

மறுதரப்பு மார்க்கண்டு. உடப்பிலிருந்து சின்ன லொறியில் வாரம் ஒருமுறை கருவாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு வெங்காயம் ஏற்றிப் போகிறவர். ஊர்க் கோயில் பஜனையில் ஆர்மோனியம் வாசிப்பவர் என்பதால் தன் காதின்மேல் அவருக்கு அபார நம்பிக்கை. உள்நாட்டு யுத்தம் முடிந்த அடுத்த வருடம், ஒரு மோட்டரைக் கம்பி கட்டக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தபோது, கடைக்குள்ளிருந்து ஹம்ஸவேணியின் பாட்டு கேட்டது. அன்றே நெய்னாரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டார். அன்று தொடங்கிய சினேகிதம் எட்டு வருடமாகச் சண்டையிலேயே வளர்ந்து நிற்கிறது.

ஹம்ஸவேணி முறையாகக் கர்நாடக சங்கீதம் படித்துவிட்டு, அதை மேல்நாட்டு வயலின் கூட்டத்தோடும் பியானோவோடும் சேர்த்துப் பாடிப் பேர் வாங்கியவள். முப்பது வருடத்தில் நாலே நாலு தொகுப்புகள். முதலாவது, பத்தொன்பது வயதில் பாடிய 'விடிகரை'. நாலாவதும் கடைசியுமான 'மறுகரை' அந்த வருடம், இரண்டாயிரத்துப் பதினெட்டில்தான் வந்திருந்தது. மார்க்கண்டின் கட்சி என்னவென்றால், முதல் தொகுப்பில் இருப்பது வெறும் குரல், பாட்டு இல்லை. இரண்டாவதில் மேலே எவ்வளவு தூரம் ஏறலாம் என்று காட்டிக்கொண்டு திரிகிறாள். மூன்றாவதில் பிள்ளைகள் பெற்று, யாரையோ பறிகொடுத்து, அப்புறம்தான் பாடவே தொடங்கியிருக்கிறாள். ஆறு கட்டைச் சுருதியில் தொடங்கியவள் இப்போது நாலரைக்கு இறங்கிவிட்டாள், ஆனால் அந்த நாலரைக்குள் ஒரு வாழ்க்கையே இருக்கிறது என்பார்.

நெய்னார் இதையெல்லாம் காதில் வாங்கமாட்டார். முதலாவதுதான் பாட்டு, மற்றதெல்லாம் சத்தம் என்று ஒற்றைக்காலில் நிற்பார். அதைவிட எரிச்சல் என்னவென்றால், மற்ற மூன்றையும் அவர் கேட்டதே கிடையாது. மார்க்கண்டு லொறியில் மூன்றாவதைப் போட்டால், கை கழுவப் போகிறேன் என்று எழுந்து பின்பக்கம் போய்விடுவார். பாட்டு முடியும்வரை வரமாட்டார். அவ்வளவு நேரம் கழுவுவதற்கு மனுசனுக்கு எத்தனை கை இருக்கிறது என்று மார்க்கண்டு கேட்காத வெள்ளிக்கிழமை இல்லை.

கேட்காமலே வெறுப்பதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. நான் சொல்கிறேன்.

நெய்னார் மன்னார் எருக்கலம்பிட்டிக்காரர். எண்பத்தாறில் அலீமாவைக் கலியாணம் செய்து, அடுத்த வருடமே சவூதிக்குப் போனார். தம்மாமில் ஒரு கம்பெனியில் மின்சார வேலை. அந்தக் காலத்தில் சவூதிப் புருசன்மாருக்கு ஊர்ப் பெண்கள் கடிதம் எழுதியது குறைவு. கசெட்டில் பேசி, லீவில் வந்து திரும்புகிற ஆட்களிடம் கொடுத்துவிடுவார்கள். நெய்னாருக்கும் அலீமாவுக்கும் இடையில் போய்வந்தது ஒரே ஒரு கசெட். அவள் பேசி அனுப்புவாள்; அவர் கேட்டுவிட்டு அதே கசெட்டில் அவள் பேச்சின் மேலேயே தன் பதிலைப் பதிந்து அனுப்புவார்; அவள் அவர் பேச்சின் மேல் பேசுவாள். இப்படி மூன்று வருடம். ஒருவர் சொன்னதை மற்றவர் அழித்து அழித்துத்தான் அவர்கள் குடும்பம் நடந்தது. அது யாருக்கும் பிழையாகத் தோன்றவில்லை. கேட்டாயிற்று, மனதில் இருக்கிறது, அப்புறம் கசெட் சும்மா கிடப்பானேன் என்று அலீமாவே சொல்லுவாள்.

அலீமா எப்போதும் முதல் பக்கத்தில் மட்டும்தான் பேசுவாள். ஆட்டுக்குட்டி, கிணறு, கூரைக்குத் தென்னோலைக் கிடுகு, தங்கச்சி ஹஃபீலாவின் பிடிவாதம் எல்லாம் அரைமணிக்குள் அடங்கிவிடும். றேடியோவில் ஹம்ஸவேணியைக் கேட்ட நாளிலிருந்து அவளைப் பற்றியும் ஒரு வார்த்தை இருக்கும். இரண்டு பேரும் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள் என்று எங்கேயோ வாசித்துவிட்டாள். அந்தப் பெருமை தாங்கவில்லை. 'விடிகரை'யைப் பதிந்து அனுப்புங்கள் என்று இரண்டு முறை கேட்டுவிட்டாள்.

தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபர் மாதம். குவைத்தில் பிரச்சினை தொடங்கி, கம்பெனி ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரம். அறைக்கூட்டாளி செய்னுலாப்தீன் பகல் விமானத்துக்குப் புறப்படும் அன்று காலையில்தான் அலீமாவின் கசெட் வேறொரு கைமாறி வந்து சேர்ந்தது. நெய்னார் அவசர அவசரமாக முதல் பக்கத்தைக் கேட்டார். அதன் மேல் தன் பதிலைப் பேசினார். பக்கத்து அறைத் தமிழ்நாட்டுக்காரரிடம் 'விடிகரை' இருந்தது. அதை இரட்டைக் கசெட் செட்டில் போட்டு, அலீமாவின் கசெட்டைத் திருப்பிப் போட்டு, இரண்டாம் பக்கத்தில் நாலு பாட்டைப் பதிந்தார். பாட்டு முடிந்து மிஞ்சிய இடத்திலும், புள்ள, உன் ஹம்ஸவேணி வந்துவிட்டாள் என்று ஏதோ பகிடி பேசிப் பக்கத்தை நிரப்பினார். வெளியே வாகனம் ஹோன் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டாம் பக்கம் வெறுமையாகத்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். எப்போதும் அப்படித்தானே.

செய்னுலாப்தீன் கொழும்பில் இறங்கிய கொஞ்ச நாளில், ஆயுதம் ஏந்திய இயக்கம் வடக்கு முஸ்லிம்களை வெளியேறச் சொல்லிவிட்டது. எருக்கலம்பிட்டிச் சனம் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்து, தென்னந்தோட்டங்களில் கிடுகுக் கொட்டில் போட்டு விழுந்து கிடந்தது. தேடித் திரிந்து மார்கழியில்தான் செய்னுலாப்தீன் அலீமாவைக் கண்டு கசெட்டைக் கொடுத்தார். முகாமில் கசெட் போட்டுக் கேட்க செட் ஏது? அவள் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, மச்சான் வந்ததும் கேட்கலாம் என்றாளாம். தை மாதம் காய்ச்சல் வந்தது. வளைகுடாவில் யுத்தம் மூண்டு நெய்னார் புறப்பட வழியில்லாமல் நின்ற கிழமையில் அவள் மௌத்தாகி மண்ணுக்குள் போனாள். இருபத்திரண்டு வயது.

சித்திரையில் வந்து சேர்ந்த நெய்னாரிடம் கசெட்டைக் கொடுத்தது ஹஃபீலாதான். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. அக்காவை ராத்தா என்பாள். கொடுக்கும்போது, ராத்தா இரண்டாம் பக்கமும் பேசினா, கேட்டீங்களா மச்சான் என்று கேட்டாள்.

நெய்னார் கசெட்டைத் திருப்பிப் பார்த்தார். கேட்கவில்லை, மேலே பாட்டைப் பதிந்துவிட்டேன், என்ன பேசினாள் என்று கேட்டார். தன்னைக் கிணற்றடிக்கு அனுப்பிவிட்டுத்தான் பேசினா, தனக்குத் தெரியாது என்றாள் ஹஃபீலா. அடுத்த வருடம் பெரியவர்கள் கூடி ஹஃபீலாவையே அவருக்குக் கட்டிவைத்தார்கள். இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்து, படித்து, கலியாணமாகிப் போய்விட்டார்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது நெய்னார் அதே கேள்வியைக் கேட்பார். அவளும் அதே கிணற்றடியைச் சொல்வாள்.

ஆனால் தம்மாம் செட்டில் பழையதை அழிக்கிற ஹெட் தேய்ந்துபோயிருந்தது. தொழில் தெரிந்தவர் என்பதால் நெய்னாருக்கு அது விளங்கியது. அப்படிப்பட்ட செட்டில் பதிந்தால் மேலே புதியது விழுந்தாலும் அடியில் பழையது மங்கலாகத் தங்கிவிடும். பாட்டு ஓடும்போது தெரியாது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் இருக்கிற சில விநாடி வெறும் இடத்தில் மட்டும் ஏதோ முணுமுணுக்கும். நாலு பாட்டு, நடுவில் மூன்று இடைவெளி. அந்த மூன்று இடைவெளிக்காகத்தான் மனுசன் இருபத்தேழு வருடமாக 'விடிகரை'யைக் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு முடியப்போகிற நேரம் பார்த்துச் செட்டில் காதை ஒட்டுவார். மூச்சைப் பிடித்துக்கொள்வார். ஒரு குரல் இருக்கிறது என்று தெரியும். சொல் மட்டும் பிடிபடாது.

ஊர் அவரைப் பெரிய சங்கீதப் பைத்தியம் என்றது. இருக்கட்டுமே என்று அவரும் விட்டுவிட்டார்.

மற்றத் தொகுப்புகளை ஏன் கேட்கவில்லை என்பது இப்போது சொல்லாமலே தெரியும். ஹம்ஸவேணிக்கு வயது ஏறிக்கொண்டு போனது. அவளோடு ஒரே வருடத்தில் பிறந்தவளுக்கு ஏறவில்லை. மார்க்கண்டு முதிர்ச்சி, கனிவு என்று புகழும்போதெல்லாம் நெய்னாருக்கு வயிறு எரியும். இவளுக்கு மட்டும் என்ன தகுதி என்று கேட்கத் தோன்றும்.

அந்த வெள்ளிக்கிழமை மார்க்கண்டு தன் மகள் தயானியையும் கூட்டிக்கொண்டு வந்தார். புத்தளம் டவுனில் கலியாண வீடியோக்களுக்குச் சத்தமும் படமும் சரிசெய்து கொடுக்கிற ஸ்டூடியோவில் வேலை அவளுக்கு. அப்பாவின் சண்டையை இன்றோடு முடித்துவைக்கிறேன் என்று லெப்டொப்பில் நாலு தொகுப்பையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். ஒரே பாட்டை, அதாவது 'போன தோணி வருமோ' என்பதை, ஹம்ஸவேணி பத்தொன்பதில் ஒருமுறையும் நாற்பத்தொன்பதில் ஒருமுறையும் பாடியிருக்கிறாள். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் தெரிந்துவிடும் என்பது அவள் திட்டம்.

நெய்னார் கை கழுவ எழும்பினார். மார்க்கண்டு விடவில்லை. சரி, உங்கள் கசெட்டிலேயே முதலாவதைப் போடுங்கள், கம்ப்யூட்டர் சத்தம் வேண்டாம் என்று இறங்கிவந்தார். மறுக்க ஒரு சாட்டும் கிடைக்காமல் நெய்னார் கசெட்டைப் போட்டார். மூன்றாவது பாட்டு முடியும் இடம் வந்தது. பழக்க தோசம், காதைக் கொண்டுபோய் ஒட்டிவிட்டார்.

மார்க்கண்டு கையை உயர்த்தினார். பிறகு தலையைச் சாய்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

“நானா, இதுக்குள்ள ரெண்டு பொம்பிளை இருக்காங்க.”

நெய்னார் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். தனக்கு மட்டும் கேட்கிற பிரமையோ என்று எத்தனையோ முறை பயந்திருக்கிறார். இப்போது இன்னொருவருக்கும் கேட்டுவிட்டது. அவர் எல்லாவற்றையும் சொன்னார். தம்மாம், வாகனத்தின் ஹோன், கேட்காமல் விட்ட பக்கம், ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லும்போது தயானியைப் பார்க்காமல் மேசையிலிருந்த கம்பிச் சுருளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தயானி கொஞ்சம் யோசித்துவிட்டு, கசெட்டை லெப்டொப்புக்குள் பதிந்தால் அந்த மூன்று இடைவெளியையும் தனியாக வெட்டி, இரைச்சலை எடுத்து, சத்தத்தைக் கூட்டிப் பார்க்கலாம் என்றாள். கலியாண வீட்டு ஜெனரேட்டர் சத்தத்துக்குள்ளிருந்து மாப்பிள்ளையின் பேச்சை எடுக்கிறவளுக்கு இது முடியாததில்லை. முடிந்தால் ஒரு சொல்லாவது தெரியும்.

நெய்னார் உடனே ஓம் சொல்லவில்லை. ஆசைப்பட்ட காரியம் கைக்கு எட்டும் தூரத்தில் வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. இத்தனை வருடத்தில் அந்தப் பக்கத்துக்குள் அவர் எத்தனை பேச்சை வைத்துப் பார்த்திருக்கிறார். வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று சொல்லியிருப்பாளோ? ஊர் நிலைமை சரியில்லை, உடனே வாருங்கள் என்று கூப்பிட்டிருப்பாளோ? அதைக் கேட்காமல் பாட்டைப் பதிந்து அனுப்பிய பாவியோ நான்? தெரியாதவரைக்கும் எல்லாமும் இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். தெரிந்துவிட்டால் அதோடு சரி. மார்க்கண்டு அவர் தோளில் கையை வைத்தார். கசெட்டின் நாடாவோ தேய்ந்து பளபளத்துப் போயிருந்தது. இன்னும் எத்தனை ஓட்டத்துக்குத் தாங்குமோ.

“எடுங்க மகள்,” என்றார் நெய்னார்.

வயரைப் பூட்டி, பக்கம் முழுவதையும் ஒருமுறை ஓடவிட்டுப் பதிந்தாள். வெட்டினாள். ஒரு மணித்தியாலம் பிடித்தது. கடைக்குப் பின்னாலிருக்கும் வீட்டிலிருந்து ஹஃபீலா பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள். என்ன நடக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. லெப்டொப்பையும் கசெட்டையும் பார்த்தாள், போய்விட்டாள். அவள் வீட்டில் வாய் திறப்பதே குறைவு. அப்படித்தான் என்று நெய்னாரும் பழகிவிட்டிருந்தார்.

முதல் இடைவெளியில் ஒரு சேவல் கூவியது. எருக்கலம்பிட்டிச் சேவல். செத்து இருபத்தெட்டு வருடமான சேவல் நுரைச்சோலையில் நின்று கூவ, நெய்னாருக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டாவதில் யாரோ தொண்டையைச் செருமிவிட்டுச் சிரித்தார்கள். வெட்கச் சிரிப்பு. அது அலீமா. இந்தச் சிரிப்பை மறந்துபோயிருந்தார் என்பதே அதைக் கேட்ட பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. வேண்டுமானால் இதோடு நிறுத்திவிடலாம் மாமா என்றாள் தயானி. அவர் மற்றதையும் போடச் சொல்லித் தலையை ஆட்டினார். அவள் மூன்றாவதைத் தட்டினாள்.

இரைச்சல். அதற்குள்ளிருந்து, தண்ணீருக்கு அடியில் நின்று பேசுகிறவளைப் போல ஒரு குரல், ஆனால் சொல் சொல்லாக:

“...இந்தப் பக்கத்த மட்டும் அழிச்சிராதீங்க மச்சான். நான் கெழவியாகி, கொரல் கெட்டுப் போன பொறவு...”

அந்த இடத்தில் வயலின்கள் வந்து விழுந்தன. பத்தொன்பது வயது ஹம்ஸவேணி தொண்டையைத் திறந்துகொண்டு போன தோணியைக் கூப்பிடத் தொடங்கினாள். தயானி பாய்ந்து நிறுத்தினாள்.

அழிச்சிராதீங்க. கேட்கக்கூடாத சொல் ஒன்று உலகத்தில் இருந்தால் அது இதுதான். கூப்பிட்டிருந்தால்கூடப் போக முடியாத யுத்தம் என்று மனதைத் தேற்றியிருக்கலாம். அவள் கேட்டது ஒரே ஒரு காரியம். அதற்கு யுத்தமும் தடையில்லை, இயக்கமும் தடையில்லை. நெய்னார் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அப்போதுதான் அந்தக் குரல் மீண்டும் பேசியது.

“பொறவு ரெண்டு பேரும் இருந்து போட்டுக் கேப்பம். அப்ப நீங்க சொல்லணும், எந்தக் கொரல் நல்லமெண்டு.”

நெய்னார் லெப்டொப்பைப் பார்த்தார். தயானியின் கை அதில் இல்லை. அதே குரல்தான். ஆனால் இறங்கிய குரல், கரகரத்த குரல், அடிப்பக்கம் தேய்ந்து அகலமான குரல். அலீமா கிழவியாகிவிட்டாள் என்றே அந்தக் கணம் அவர் நம்பினார். திரும்பிப் பார்த்தார்.

உள்வாசலில் ஹஃபீலா நின்றாள். கையில் வெறும் தட்டு.

அவள் கிணற்றடிக்குப் போகவில்லை. போகச் சொன்னதால் போவது போலப் போய், கிடுகு வேலிக்குப் பின்னால் நின்று ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறாள். ராத்தா 'போன தோணி'யை முழுசாகப் பாடினா, நடுவில் இருமல் வந்து சிரித்தா, கடைசியில் இதைச் சொன்னா. அவ்வளவுதான் பக்கம். எல்லாவற்றையும் இப்போது நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். மார்க்கண்டும் மகளும் எழும்பிப் போவதா இருப்பதா என்று தெரியாமல் இருந்தார்கள்.

“எப்பிடி மச்சான் சொல்ற? நீங்கதான் மேல பதிஞ்சிட்டீங்களே. சொல்லியிருந்தா நீங்க மனுசனா இரிக்க மாட்டீங்க.”

கோபம் வர வேண்டும் என்று நெய்னாருக்குத் தோன்றியது. வரவில்லை. இருபத்தேழு வருடம் இந்தச் சொல்லை வாய்க்குள் வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப அவர் செட்டில் காதை ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டு, அவருக்குச் சோறு போட்டு, பிள்ளைகளையும் பெற்று வளர்த்திருக்கிறாள். பேசாத மனுசி என்று நினைத்திருந்தார். பேசினால் எங்கே இது வெளியே வந்துவிடுமோ என்று பேசாமல் இருந்திருக்கிறாள். அக்கா தங்கைக்கு ஒரே தொண்டை. ஹம்ஸவேணி நாலு தொகுப்பில் முதிர்ந்தது போல, அலீமாவின் குரல் இந்த வீட்டுக் குசினி அடுப்படியில் நாளொன்றுக்கு நாலு வார்த்தையாக முதிர்ந்துகொண்டு இருந்திருக்கிறது. அவர் கேட்கவில்லை. மறுபடியும் ஒரு பக்கத்தைக் கேட்காமலே விட்டிருக்கிறார்.

தயானி மெல்ல, 'மறுகரை'யைப் போடட்டுமா என்று கேட்டாள். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

“ஹஃபீலா, இன்னொருக்காச் சொல்லு,” என்றார்.

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். எதற்காக மூடினார் என்று அங்கேயிருந்த எல்லோருக்கும் விளங்கியது. ஹஃபீலாவுக்கும் விளங்கியது. அவள் தட்டை மேசையில் வைத்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். பிறகு ஆரம்பத்திலிருந்து, ராத்தா சொன்ன மாதிரியே, இன்னொரு முறை சொன்னாள்.